மூன்று இலட்சம் ஓடிய வேனை வாங்கலாமா?

"என் கையில் இருக்கும் பணத்துக்குப் பழைய டொல்பின் வேன்தான் கிடைக்கிறது. மீட்டர் மூன்று இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டி நிற்கிறது. வாங்கலாமா நானா?" கடைக்கு வருகின்ற சிறு வியாபாரிகள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருபது வருடப் பழைய வேன்களுக்குக்கூட நாம் நினைத்துப் பார்க்காத விலை ஏறிவிட்டது. இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய வேன் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே பழையதைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது என்பதே கேள்வி.

முதலில் மீட்டரை மறந்துவிடுங்கள். சாமான் ஏற்றி இறக்கும் ஒரு வேன் வருடத்துக்கு இருபதாயிரம் கிலோமீற்றர் ஓடுவது சாதாரணம். இருபது வருடத்தில் நான்கு இலட்சம். அப்படியிருக்க, 1998 ஆம் வருட வேன் ஒன்று "ஒரு இலட்சத்து நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கிறது" என்று மீட்டரில் காட்டினால் அந்த மீட்டருக்கு யாரோ வைத்தியம் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கிளச், பிரேக் பெடல்களின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்டேரிங் எவ்வளவு வழுவழுப்பாகியிருக்கிறது, சாரதியின் கதவைத் திறந்து மேலே தூக்கினால் கீல் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். மூன்று இலட்சம் என்று நேர்மையாகக் காட்டும் வேனின் சொந்தக்காரரோடு பேசுவதில் எனக்கு விருப்பம் அதிகம்.

டொல்பின் என்று நாம் சொல்வது 1989 முதல் 2004 வரை வந்த டொயோட்டா ஹையேஸ். அதில் எல்.எச். 113 வகைக்கு 3எல் என்ற டீசல் எஞ்சின், 2779 சிசி. டர்போ கிடையாது. கம்ப்யூட்டர் பெட்டியை நம்பி ஓடுகின்ற எஞ்சினும் அல்ல. ஒழுங்காக ஒயில் மாற்றிய எஞ்சின் நான்கு, ஐந்து இலட்சம் கிலோமீற்றர் ஓடுவதைக் கண்டிருக்கிறேன். வீட்டு முற்றத்தில் ஸ்பானர் பிடித்துப் பழகியவருக்கு இதைவிட இலகுவான வேன் கிடைப்பது கஷ்டம்.

பார்க்கப் போவதென்றால் காலையில் போங்கள். "எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம், நான் வந்த பிறகு பார்ப்போம்" என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் முன் சீட்டைத் தூக்கி எஞ்சினுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் எடுக்காத வேனை உங்களுக்காக முன்கூட்டியே ஓட விட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். சூட்டில் ஒருபோதும் திறக்கக் கூடாது, முகம் வெந்துவிடும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் நல்ல சகுனமல்ல. துருத் தண்ணீராக இருந்தால் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் வருடக்கணக்காக ஓட்டியிருக்கிறார்கள். பிறகு ஸ்டார்ட் செய்து தண்ணீரைக் கவனியுங்கள். விடாமல் குமிழி வந்தாலோ, எஞ்சின் சூடாகுமுன்னரே ரேடியேட்டர் ஹோஸ் கல்லைப்போல இறுகினாலோ ஹெட் கெஸ்கெட் போயிருக்கலாம், ஹெட் வெடித்துமிருக்கலாம். அந்த வேனை விட்டுவிடுங்கள். ஹெட் வேலை வீட்டு முற்றத்தில் முடிகின்ற காரியமல்ல.

புகையின் நிறமும் பேசும். ஸ்டார்ட்டில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. சூடான பிறகும் வெள்ளை நிற்காவிட்டால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஏற்றத்தில் கறுப்புப் புகை வந்தால் எயார் ஃபில்டர், நொசில், பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அது பேரம் பேசுவதற்கு உதவும் குறை. நீலப் புகை ஒயில் எரிவதற்கு அடையாளம். எஞ்சின் ஓடும்போதே ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வையுங்கள். ரயில் எஞ்சின்போலக் குப்குப்பென்று புகை அடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது. சந்தேகமிருந்தால் பாஸ் ஒருவரைக் கூட்டிப்போய் கொம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் கொஞ்சம் குறைவாக, ஆனால் ஒரே அளவாக இருந்தால் வேன் இன்னும் உழைக்கும். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருப்பதுதான் ஆபத்து.

இனி, நம்மவர்கள் அதிகம் ஏமாறுகின்ற இடம் டைமிங் பெல்ட். ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பதற்காக மீட்டர் போர்டில் தனியாக ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை அணைக்கலாம், அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், ஹெட்டைக் கழற்றாமல் தப்ப முடியாது. ஆதலால் "இப்போதுதான் மாற்றினேன்" என்று யார் சொன்னாலும், பில் காட்டாவிட்டால் மாற்றப்படவில்லை என்றே கணக்கு வையுங்கள். கடைக்கு நான் ஒரு எல்.எச். 113 வாங்கியபோது விலைபேசுமுன்னரே பெல்ட், டென்ஷனர் பெயாரிங், கேம் மற்றும் கிரேன்க் ஒயில் சீல் ஆகியவற்றின் விலையைப் பஞ்சிகாவத்தையில் விசாரித்து ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன். அந்தத் தொகை அப்படியே விலையில் குறைந்தது. பெல்ட்டை நானும் மைத்துனரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினோம். அவசரப்படாமல் கேம், பம்ப், கிரேன்க் மூன்றின் அடையாளங்களையும் பொருத்தி, பெல்ட் போட்ட பிறகு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, அடையாளங்கள் திரும்பவும் அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்த பிறகே சாவியைத் தொட வேண்டும்.

ஒயில், ஃபில்டர்கள், கூலன்ட், ஃபேன் பெல்ட், பிரேக் பேட் எல்லாம் வீட்டில் செய்யலாம். டீசல் ஃபில்டரை மாற்றிய பிறகு அதன் மேலிருக்கும் கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றினால் போதும். டீசல் பம்ப், நொசில் இரண்டையும் அதற்கென்று மெஷின் உள்ளவரிடமே கொடுங்கள். எதைச் செய்வதென்றாலும் ஜெக்கை மட்டும் நம்பி வேனுக்குக் கீழே போகாதீர்கள். ஸ்டேன்ட் வைத்து, மற்ற சில்லுகளுக்குக் கட்டையும் வையுங்கள்.

பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டு போங்கள், எஞ்சின் வகையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர், அல்டர்னேட்டர், கதவு, கண்ணாடி போன்றவற்றை ஜப்பான் பழையதாக வாங்கலாம். பெல்ட், சீல், பிரேக் சாமான், ஸ்டேரிங் போல்ஜொயின்ட் இவற்றைப் பழையதாக வாங்குவது என்னைப் பொறுத்தவரை சிக்கனமல்ல. இருபது மூட்டை அரிசியோடு கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்கும் வேனுக்கு பிரேக்கில் என்ன மிச்சம் பிடிப்பது?

எஞ்சின் நன்றாக இருந்தும் நான் வேண்டாமென்று திரும்பிய வேன்கள் இருக்கின்றன. காரணம் துரு. மீன் ஏற்றிய வேனென்றால் உப்புக் கலந்த ஐஸ் தண்ணீர் தரைத்தகட்டின் வழியாக செஸியில் இறங்கியிருக்கும். காத்தான்குடி, கல்முனை, புத்தளம் போன்ற கரையோர ஊர்களில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். கீழே படுத்து, செஸியை ஸ்க்ரூட்ரைவரால் தட்டிப் பாருங்கள். சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிப் பொடியில் வைத்தால், பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. எஞ்சினை மாற்றலாம். செஸி அழுகிய வேனுக்குப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

விலை பேசும்போது இன்னொரு கணக்கும் இருக்கிறது. கையிலுள்ள பணம் முழுவதையும் வேனுக்கே கொடுக்கக் கூடாது. நான் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் மூன்று மாத வேலைக்கென்று ஒதுக்கச் சொல்வேன். அந்தப் பணம் இல்லாமல் வாங்கினவர், வேன் கராஜில் நிற்கும் நாட்களில் ஹயருக்கு வேறு வேன் பிடித்து, இரண்டு பக்கமும் செலவழிப்பார். நாளைக்கு அதே வேனை விற்கும்போது, கண்ட குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த விடயம்.

கடைசியாகப் புத்தகம். செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வேனில் பார்த்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றிய வேன்களில் புதிய இலக்கம் புத்தகத்தில் ஏறாமலே இருப்பதுண்டு. லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் புத்தகத்தில் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதம் இல்லாமல் முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள். ஓப்பன் பேப்பரில் மூன்று, நான்கு கை மாறிய வேன் மலிவாகத்தான் வரும். ஆனால் புத்தகத்தில் பெயருள்ளவர் எங்கே இருக்கிறார், அவருடைய கையெழுத்துத்தானா அது என்பதை முதலில் தேடிப் பாருங்கள். அவரை நேரில் கண்டு, மாற்றுப் பத்திரத்தில் உங்கள் முன்னால் கையெழுத்திட்ட பிறகே மீதிப் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.