கடையிலே கல்வி



"ஆள் கிடைக்கவில்லை, கிடைத்த ஆளும் நிலைப்பதில்லை." நம்மவர் இருவர் எங்கே சந்தித்தாலும் இன்று இந்தப் பேச்சுத்தான். சாப்பாட்டுக்கடை வைத்திருப்போர், மளிகை, ஜவுளி வியாபாரம் செய்வோர், பணமாற்றுத் தொழிலில் இருப்போர் எல்லாரும் இதையே சொல்லுகிறார்கள். நாமும் பல வருடங்களாகச் சொல்லி வந்தோம். ஆனால், கிடைத்த ஆளுக்கு நாம் என்ன கற்றுக் கொடுத்தோம் என்று ஒரு நாளாவது நம்மை நாமே கேட்டுக்கொண்டோமா? இல்லை. அப்படிக் கேட்கும்படி செய்த ஒரு சம்பவத்தையும், அதன் பின் பலரிடம் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றையும் பாடமாக இங்கு எழுதுகிறோம். நாம் படித்தது மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும்தான். ஆகையால் பெரிய வார்த்தைகள் இதில் இரா.

1. ஐஸ்பெட்டியால் வந்த பாடம்

நமது மளிகைக் கடையில் ஒரு வாலிபர் பதினான்கு மாதம் வேலை பார்த்தார். சுறுசுறுப்பானவர், கை சுத்தமானவர். ஓர் இரவு கடை அடைக்குமுன் தரை கழுவ வேண்டி மீனும் கோழியும் வைத்திருந்த ஐஸ்பெட்டியை நகர்த்தினார். அப்போது மின்சாரக் கம்பி கழன்று விட்டது. காலையில் வந்து பார்த்தவர் ஒன்றும் பேசாமல் அதை மாட்டி விட்டார். இளகிய சரக்கு மறுபடியும் உறைந்தது. நாம் அறியாமல் அதை விற்றோம்.

இரண்டு நாள் கழித்து, நமது தகப்பனார் காலத்திலிருந்து சரக்கு வாங்கும் ஒரு மூதாட்டி ஒரு பொட்டலத்தைக் கொண்டு வந்து வைத்து, "வாடை அடிக்குது தம்பி, பேரப்புள்ளைக்குச் சமைக்க எடுத்தேன்" என்றார். அவர் முகர்ந்து பார்த்ததால் தப்பினோம். பெட்டியில் இருந்த சரக்கு முழுவதையும் கொட்டினோம்.

வாலிபரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் சொன்னார்: "கரண்டு போனா கெட்டுடும்னு தெரியும் முதலாளி. திரும்பக் குளிர்ந்துட்டா சரியாயிடும்னு நினைச்சேன்." ஏன் நம்மிடம் சொல்லவில்லை என்றோம். "போன மாசம் பால் டின் விழுந்ததுக்கே எல்லார் முன்னாலயும் ஏசினீங்க. இதைச் சொன்னா வேலையை விட்டுப் போகச் சொல்வீங்கன்னு பயந்துட்டேன்."

அடுத்த மாதம் அவர் வேறு வேலைக்குப் போய் விட்டார். அவர் சொன்ன இரண்டு வாக்கியங்கள் மட்டும் நம்மிடம் தங்கி விட்டன. ஒன்று, நாம் கற்றுக் கொடுக்கவில்லை என்பது. மற்றொன்று, சொல்ல முடியாதபடி நாம் நடந்துகொண்டோம் என்பது. சரக்கு நஷ்டத்துக்கு அவரைக் குற்றம் சொல்லலாம். இவ்விரண்டுக்கும் குற்றவாளி நாமே.

2. முன்னோர் வழி

முற்காலத்தில் வியாபாரம் பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல. மலாயாவில் வட்டித் தொழில் நடத்திய செட்டியார்களின் கிட்டங்கிகளில் சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாக உட்காருவான். பிறகு அடுத்தாள் ஆவான். தேர்ந்தால் மேலாள் ஆவான். ஒவ்வொரு படியிலும் மேலே உள்ளவனின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தே கற்றான். நம்மவர் கடைகளிலும் மாமன் கடையில் மருமகன், அண்ணன் கடையில் தம்பி என்று இதே முறைதான் நடந்தது.

அந்த முறை இக்காலத்துக்கு அப்படியே செல்லாது. அன்று பையன் பல வருடங்கள் ஒரே கடையில் இருந்தான். பார்த்துப் பார்த்துப் பழக அவனுக்குக் காலம் இருந்தது. இன்று சிப்பந்தி ஒரு வருடம் இருந்தாலே பெரிது. வேலையும் மாறி விட்டது. கைப்பேசியில் பணம் வாங்குவதும், கணினியில் இருப்புப் பார்ப்பதும், வீட்டுக்கே சரக்கு அனுப்புவதும் சேர்ந்து விட்டன. "பார்த்துக் கற்றுக்கொள்" என்று விட்டு விட்டால், கற்குமுன்பே ஆள் போய் விடுகிறார். ஆகவே முறையாகக் கற்பிக்க வேண்டியது அவசியம் ஆகிறது.

3. கற்பிக்கும் நான்கு படிகள்

இதற்கு நல்ல முறை ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பழகிய ஆட்கள் போருக்குப் போக, பழக்கமில்லாதவர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களை விரைவில் பழக்குவதற்காக 1940 முதல் 1945 வரை அங்கு "டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி" என்னும் திட்டம் நடைபெற்றது. அதில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றார்கள். யுத்தத்துக்குப் பின் இது ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள தொழிற்சாலைகளில் வேரூன்றியது. அதில் வேலை கற்பிக்கும் முறை நான்கு படிகள் கொண்டது. ஒரு கடை வேலையை உதாரணமாக வைத்து அதை விளக்குவோம்: தேதி பார்த்துச் சரக்கு அடுக்குதல்.

முதற்படி, ஆளைத் தயார் செய்தல். பயத்தைப் போக்கி உட்கார வைத்து, "இந்த வேலை முன்பு செய்ததுண்டா?" என்று கேட்க வேண்டும். தெரிந்ததைத் திரும்பச் சொல்லி நேரத்தைப் போக்க வேண்டாம்.

இரண்டாம் படி, செய்து காட்டுதல். பழைய தேதி முன்னே, புதிய தேதி பின்னே என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். எப்படி என்பதோடு ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். இளகிய மீன் ஏன் மறுபடி உறைந்தாலும் ஆகாது என்பதை நாம் முன்பே சொல்லியிருந்தால், அந்த வாலிபர் அந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார். குளிர், கிருமியின் வளர்ச்சியை நிறுத்தி வைக்குமே தவிர, வளர்ந்ததை அழித்து விடாது. இது ஒரு நிமிடப் பேச்சு.

மூன்றாம் படி, செய்ய வைத்தல். சிப்பந்தியே அடுக்கட்டும், ஏன் அப்படி என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும். "விளங்கிற்றா?" என்று கேட்டால் எல்லாரும் "விளங்கிற்று" என்றுதான் சொல்வார்கள்.

நான்காம் படி, தனியே விட்டுக் கவனித்தல். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று பெயர் சொல்லி விட வேண்டும். முதலில் அடிக்கடியும், பிறகு சிறிது சிறிதாகக் குறைத்தும் பார்த்து வர வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் படியில் பாதி செய்து நான்காம் படிக்குத் தாவி விடுகிறோம்.

4. மறதிக்கு மருந்து

ஒரு முறை கற்றது நிற்காது. ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹவுஸ் என்னும் அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை அளந்து, 1885-ல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேலும், ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும் நழுவி விடுவதை அவர் கண்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கும் என்பதும் அவர் கண்டதே.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. நேற்றைய பாடத்தை ஒப்புவிக்காமல் இன்றைய பாடம் கிடையாது. வாரம் ஒரு முறை பின்பாடம் முழுவதும் ஒப்புவிக்க வேண்டும். இக்காலத்துப் பெரிய கம்பெனிகளில் நாள் முழுவதும் வகுப்பு வைப்பதைக் குறைத்து, ஐந்து பத்து நிமிடப் பாடங்களைக் கைப்பேசி வழியே அடிக்கடி கொடுப்பது பரவி வருகிறது. கருவி புதிது; முறை நம் உஸ்தாதுமார் கையாண்டதே.

நமது கடையில் கதவு திறக்குமுன் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். நேற்றுக் கற்றதை ஒருவர் சொல்லுவார். பிறகு புதிதாக ஒன்று. அவ்வளவுதான்.

5. ஏச்சும் மறைப்பும்

இனி இரண்டாவது குற்றத்துக்கு வருவோம். இதுவே முக்கியமானது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமி எட்மன்ட்சன் என்னும் அம்மையார், ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996-ல் எழுதினார். நல்ல மேற்பார்வை உள்ள பிரிவுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ தலைகீழாக வந்தது: நல்ல பிரிவுகளில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, அங்குள்ளவர்கள் பிழையைத் தயக்கமின்றிச் சொன்னார்கள் என்பதும், மற்ற இடங்களில் பயந்து மறைத்தார்கள் என்பதும் தெரிய வந்தன.

இதைப் படித்தபோது நமக்கு அந்த ஐஸ்பெட்டி நினைவுக்கு வந்தது. "நம் கடையில் பிழையே நடப்பதில்லை" என்று ஒரு முதலாளி சொன்னால், அது நல்ல கடையாகவும் இருக்கலாம். ஒருவரும் வாய் திறக்காத கடையாகவும் இருக்கலாம்.

ஆகவே நாம் ஒரு பிழை ஏடு வைத்தோம். யார் எதைத் தவற விட்டாலும் அன்றே அதில் எழுத வேண்டும். எழுதியதற்காக ஏச்சு இல்லை. ஒரு மாதம் வரை ஒருவரும் எழுதவில்லை. பிறகு நாமே முதலில் எழுதினோம்: ஒரே சரக்குக்கு இரண்டு முறை ஆர்டர் கொடுத்து முப்பது மூட்டை தேங்கியது. மறுநாள் இரண்டு பிழைகள் எழுதப்பட்டிருந்தன.

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா எனில், வேண்டும். தெரியாமல் செய்தது வேறு. தெரிந்தே ஏமாற்றுவது வேறு. முன்னதற்குக் கற்பித்தல், பின்னதற்குக் கண்டிப்பு. கண்டிப்பதும் தனியே அழைத்துத்தான். வாடிக்கைக்காரர் முன்னிலையில் அல்ல.

6. நாம் செலுத்தும் பணம்

மலேசியாவில் 2001-ம் ஆண்டுச் சட்டப்படி, மனிதவள மேம்பாட்டுக்காக முதலாளிகள் தீர்வை செலுத்துகிறார்கள். 2021 மார்ச் முதல் இது ஏறக்குறைய எல்லாத் தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மலேசியப் பிரஜைகளான சிப்பந்திகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள ஸ்தாபனம் சம்பளத்தில் 1 சதவிகிதம் செலுத்த வேண்டும். ஐந்து முதல் ஒன்பது பேர் உள்ளவை விரும்பினால் 0.5 சதவிகிதம் செலுத்திச் சேரலாம். இதைச் சிப்பந்தியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பன்னிரண்டு பேருக்குத் தலா 2,000 ரிங்கிட் சம்பளம் எனில், மாதம் 240, வருடம் 2,880 ரிங்கிட் ஆகிறது. இதைப் பயிற்சிச் செலவுக்காகத் திரும்பக் கோரலாம். கோராமல் வரி கட்டுவது போல் கட்டி விட்டுச் சும்மா இருக்கும் கடைகளை நாம் அறிவோம்.

சிங்கப்பூரில் 1979-ம் ஆண்டுச் சட்டப்படி திறன் மேம்பாட்டுத் தீர்வை உண்டு. ஒவ்வொரு சிப்பந்திக்கும் மாதச் சம்பளத்தில் 0.25 சதவிகிதம், குறைந்தது 2 வெள்ளி, அதிகம் போனால் 11 வெள்ளி 25 காசு. மேலும், 2015-ல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 25 வயது நிறைந்த பிரஜைகளுக்கு 500 வெள்ளிப் பயிற்சித் தொகை வழங்கப்பட்டது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள பிரஜைகளுக்கு 2024 மே முதல் கூடுதலாக 4,000 வெள்ளி கிடைக்கிறது. நாற்பதைத் தாண்டிய முதலாளிகளும் இதைக் கவனிக்க.

எனினும், ஆட்களை வகுப்புக்கு அனுப்பினால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். 1980-களில் அமெரிக்காவில் தேர்ந்த நிர்வாகிகளிடம் எவ்வாறு கற்றீர்கள் என்று கேட்டதிலிருந்து, எழுபது பங்கு வேலையில், இருபது பங்கு மற்றவரிடம், பத்துப் பங்கு வகுப்பில் என்று ஒரு கணக்குச் சொல்லப்பட்டு வருகிறது. அவரவர் ஞாபகத்தைக் கொண்டு சொன்னதாகையால் அந்த எண்ணிக்கையைத் தராசு முள் போல் நம்ப வேண்டியதில்லை. ஆனால் வகுப்பில் கற்றதைக் கடையில் செய்ய இடம் கொடாவிட்டால் அது வீண் என்பது நிச்சயம்.

பலன் உண்டா என்று பார்க்க கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-ல் நான்கு கேள்விகளை வகுத்தார்: வகுப்பு பிடித்ததா? கற்றாரா? வேலையில் நடத்தை மாறியதா? ஸ்தாபனத்துக்குப் பயன் வந்ததா? நாம் பெரும்பாலும் முதற்கேள்வியோடு நின்று விடுகிறோம்.

7. முதலாளியும் மாணாக்கரே

மலேசியாவில் 2024 ஆகஸ்டு முதல் மின் விலைப்பட்டியல் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றி நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. நமது கடையில் கணக்கு எழுதும் பெண்ணுக்கு நம் மூத்த மகளின் வயதுதான். "தங்கச்சி, இதை எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேட்க நமக்கு மூன்று வாரம் ஆயிற்று. கற்க இரண்டு மாலைப் பொழுதுதான் ஆயிற்று. அதற்குப் பிறகு கடையில் மற்றவர்களும் ஒருவரை ஒருவர் தயங்காமல் கேட்கிறார்கள். முதலாளி கேட்கிற கடையில் கேட்பது வெட்கமாகத் தோன்றுவதில்லை போலும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்னும் கருவியிடம் கேட்டும் பலர் கற்கிறார்கள். அது உதவக்கூடியதே. ஆனால் தவறானதையும் உறுதியாகச் சொல்லி விடும். சரி பார்க்கத் தெரிந்த ஆள் கடையில் இருக்க வேண்டும்.

இம்மாதம் செய்ய வேண்டியவை

வாசகர்கள் இவற்றைச் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்:

(அ) கடையில் தவறினால் பெருநஷ்டம் தரும் வேலை ஒன்றைத் தேர்ந்து, நான்கு படிகளிலும் கற்பியுங்கள்.

(ஆ) கதவு திறக்குமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

(இ) பிழை ஏடு ஒன்று வையுங்கள். முதற்பிழை உங்களுடையதாக இருக்கட்டும்.

(ஈ) தீர்வை செலுத்துகிறவராயின், உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று விசாரியுங்கள்.

"கற்றுக் கொடுத்தால் கற்றுக்கொண்டு போய் விடுவானே!" என்று சிலர் சொல்லலாம். போகக்கூடும். நாம் கற்றுக் கொடுக்காத அந்த வாலிபரும் போகத்தான் செய்தார். அவர் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று தெரியாது. எங்கிருந்தாலும் அங்குள்ள ஐஸ்பெட்டியைப் பற்றி அவருக்கு யாரேனும் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறோம். சொல்ல வேண்டியவர்களாக இருந்தவர்கள் நாம்.