வட்டாரச் சுகாதார வாரியம்: ஸ்விப்ட் கரண்ட் கற்பிக்கும் பாடம்

ஒரு வட்டாரத்தின் மருத்துவ வசதிகளைத் திட்டமிட்டு நடத்தும் பொறுப்பை அவ்வட்டார மக்களே ஏற்க இயலுமா? அதற்கெனப் பொது வாரியம் ஒன்றை நிறுவினால் அது நிலைத்து நிற்குமா? இவ்வினாக்களுக்குக் கானடா நாட்டின் கிராம மக்கள் 1946-ஆம் ஆண்டில் செயலால் விடை கூறினர். அவ்வரலாறு ஊர்ப் பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அறியத்தக்கது.

வறட்சியும் பிணியும்

சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்மேற்குப் பகுதி, கோதுமை விளையும் பரந்த சமவெளி. ஸ்விப்ட் கரண்ட் அதன் தலைமை நகரம். 1930-களில் அங்கே மழை பொய்த்தது. கோதுமை விலையும் வீழ்ந்தது. டாக்டருக்குத் தர வேண்டிய தொகைக்கு அஞ்சி, நோய் முற்றும்வரை குடியானவர் காலம் கடத்தினர். கட்டணம் கிடைக்காத டாக்டர்களும் கிராமங்களில் நிலைத்திருக்க இயலாது தவித்தனர்.

முதல் உலகப் போர்க் காலந்தொட்டே அம்மாகாணத்தின் சில ஊராட்சிகள் வரிப் பணத்திலிருந்து சம்பளம் கொடுத்து டாக்டரை அமர்த்தி வந்தன. எனினும் தனியோர் ஊராட்சியால் ஒரு டாக்டரை அமர்த்த இயன்றதேயன்றி, மருத்துவமனை, அறுவைச் சிகிச்சை, நோய்த் தடுப்பு ஆகிய அனைத்தையும் தாங்க இயலவில்லை. பல ஊராட்சிகள் ஒன்றுகூடினாலன்றி வழியில்லை என்பது தெளிவாயிற்று.

வாரியம் தோன்றிய விதம்

1944-இல் டக்ளஸ் தலைமையில் அமைந்த மாகாண அரசு, மருத்துவ வரலாற்றறிஞர் ஹென்றி சிகரிஸ்ட்டை அழைத்து நிலைமையை ஆராயச் செய்தது. சுகாதார வட்டாரங்கள் அமைப்பதற்கான சட்டமும் அவ்வாண்டில் இயற்றப்பட்டது. ஆயினும் சட்டம் கதவைத் திறந்துவிட்டதேயன்றி, உள்ளே நுழையும் முயற்சி மக்களுடையதாகவே இருந்தது.

வில்லியம் புராக் என்பவர் ஓர் ஊராட்சியின் செயலாளர். அவர் அண்டை ஊராட்சிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். கூட்டங்கள் கூட்டி, திட்டத்தின் நன்மைகளை விளக்கினார். 1945 நவம்பரில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. புதிய வரி வரும் என்பதை அறிந்தே மக்கள் பெரும்பான்மையாக ஆதரவளித்தனர். 1946 ஜூலை முதல் நாள் மருத்துவத் திட்டம் தொடங்கியது.

நிர்வாகமும் நிதியும்

ஊராட்சிகளும் நகர மன்றங்களும் அனுப்பிய பிரதிநிதிகளின் வழியாக வாரியம் அமைந்தது. ஆள்வரி, நிலவரி ஆகிய இரண்டும் அதன் நிதிக்கு ஆதாரங்கள். டாக்டரின் சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, குழந்தைகளின் பல் மருத்துவம், நோய்த் தடுப்பு ஆகியன ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. நோயாளர் தாம் விரும்பிய டாக்டரை நாடலாம். டாக்டருக்குரிய கட்டணத்தை வாரியம் அவர்களுடன் பேசி முடிவு செய்தது. சிகிச்சை முறையில் அது தலையிடவில்லை.

இடையூறுகள் இல்லாமலில்லை. தொடக்கத்தில் செலவு, மதிப்பீட்டை மீறியது. வாரியம் டாக்டர்களுடன் மீண்டும் பேசிக் கட்டண ஏற்பாட்டைத் திருத்திக்கொண்டது. வரி செலுத்துவோரின் பிரதிநிதிகளே முடிவு செய்தமையால், கசப்பான முடிவுகளையும் மக்கள் ஏற்றனர்.

விளைவு

டாக்டர்கள் ஓடிவிடுவர் என்ற அச்சம் பொய்த்தது. வருமானம் உறுதியானதும், சில ஆண்டுகளிலேயே அவர்தம் எண்ணிக்கை பெருகியது. 1947-இல் மருத்துவமனைக் காப்பீடு மாகாணம் முழுவதும் பரவியது. 1962 ஜூலையில் டாக்டர் சிகிச்சைக்கான மாகாணத் திட்டம் தொடங்கியபோது, டாக்டர்கள் 23 நாள் வேலை நிறுத்தம் செய்தனர். ஆயினும் திட்டம் நிலைத்தது. 1966-இல் கானடா அரசு நாடு தழுவிய சட்டத்தை நிறைவேற்றியது.

நாம் அறிய வேண்டுவன

வாரியத்தின் எல்லை, செலவைத் தாங்குமளவு விரிந்திருத்தல் வேண்டும். உறுப்பினரை மக்கள் நேரில் கண்டு வினவ இயலாத அளவுக்கு விரிந்துவிடலாகாது. வரி கொடுப்போருக்கு நிர்வாகத்தில் இடமிருத்தல் வேண்டும். நிதிப் பொறுப்பு வாரியத்திடமும், சிகிச்சைப் பொறுப்பு டாக்டரிடமும் தெளிவாகப் பிரிந்திருத்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்று குறையினும், வாரியம் பெயரளவில் நின்றுவிடும். மூன்றும் பொருந்தின், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட தாய், கையிலுள்ள காசை எண்ணிப் பாராமல் டாக்டரை அழைக்கலாம். சுகாதார வாரியம் ஒன்றை நிறுவுவதன் பயன் அதுவே.