முதலில் மருந்து, பிறகு கத்தி

கேள்வி: அண்ணனுக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் ‘தைமோமா’ கட்டி. கீமோ, ஆபரேஷன், கதிர்வீச்சு மூன்றும் வேண்டும் என்கிறார்கள். ஒன்று போதாதா?

பதில்: கட்டி உறைக்குள் அடங்கியிருந்தால் ஆபரேஷனே போதும். உங்கள் அண்ணனுக்கு இதய உறையையோ பெரிய ரத்தக் குழாயையோ அது பற்றியிருக்கலாம். அவசரப்பட்டுக் கத்தி வைத்தால் மிச்சம் தங்கிவிடும்; இந்த நோயில் மிச்சமின்றி எடுப்பதுதான் முக்கியம். அதனால்தான் சிஸ்பிளாட்டின் கலந்த கீமோவால் முதலில் சுருக்கப் பார்க்கிறார்கள். விளிம்பில் தங்கிய செல்களுக்குக் கதிர்வீச்சு.

நான் கேட்பது வேறு: அண்ணனுக்கு இமை சரிகிறதா, விழுங்கச் சிரமமா? தைமோமா உள்ளவர்களில் சுமார் 3-ல் ஒருவருக்கு ‘மயஸ்தீனியா’ என்ற தசைச் சோர்வும் சேர்ந்து வரும். அது இருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுத் தசைகளே சோர்ந்துபோகலாம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.