தொடரெண்களும் கணினியும்

கூட்டல் விருத்தியைக் கற்ற மாணாக்கர்க்கு முதலுறுப்பும் பொது வித்தியாசமும் புதியனவல்ல. நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்ரில்மன் என்னும் இருவர் தோற்றுவித்த ‘ஆர்’ என்னும் புள்ளிவிபரவியற் கணினிமொழியும் அவற்றையே வேண்டி நிற்கின்றது. அதன் 1.0.0 ஆம் பதிப்பு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அம்மொழியின் ‘செக்’ என்னும் கட்டளைக்குத் தொடக்கம் 0, முடிவு 100, இடைவெளி 10 எனக் கொடுப்போமாயின், 0, 10, 20 என 100 ஈறாக எண்கள் தோன்றும். அவை எத்தனை? பத்தென்று விடை பகர்வோர் பலர். எண்ணிப் பார்ப்பின் பதினொன்று; இடைவெளிகளே பத்து. இடைவெளிக்குப் பதிலாக எண்ணிக்கை 10 எனக் கொடுப்பின், 100 ஐ 9 ஆல் வகுத்த ஈவே பொது வித்தியாசமாகும்.

1:5 என எழுதின் 1 முதல் 5 வரை பெறலாம். 4 வரை பெறக் கருதி 1:5-1 என எழுதுவோர் 0, 1, 2, 3, 4 என்பவற்றையே பெறுவர். தொடர் முதலில் அமைய, பின்னரே ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் 1 கழிக்கப்படுவதே காரணம். 1:(5-1) என அடைப்பிட்டால் வழு நீங்கும்.

கணினி நாம் கருதியதைச் செய்யாது, எழுதியதையே செய்யும். பிழையான அட்டவணையும் செம்மையாகவே அச்சாகும். ஆதலின் முதலுறுப்பு, ஈற்றுறுப்பு, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் தாளிற் கணித்து ஒப்புநோக்கிய பின்னரே மேற்செல்லுதல் மாணாக்கர்க்கு நன்று.