ஒளிச் சிதறலும் இராமன் விளைவும்

மாணவர்களே, மழை ஓய்ந்த காலையில் நாவலப்பிட்டி மலைகளுக்கு மேலே வானம் நீலமாகத் தெரிகிறது. "இதற்குக் காரணம் இராமன் விளைவு" என எழுதினால் விடை தவறாகும். ஏன் என நோக்குவோம்.

1. மீள்தன்மைச் சிதறல்

வளி மூலக்கூறுகளில் படும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறும். இதன்போது அலைநீளம் மாறுவதில்லை. அலைநீளம் குறைந்த நீல ஒளி, சிவப்பு ஒளியைவிட ஏறத்தாழ 6 மடங்கு அதிகமாகச் சிதறுவதால் வானம் நீலமாகத் தெரிகிறது. அந்த நீலம் சூரிய ஒளியில் ஏற்கெனவே இருந்ததே, புதிதாக உண்டானதன்று. இது இரேலே சிதறல் எனப்படும்.

2. மீள்தன்மையற்ற சிதறல்

தொங்கவிட்ட மணல் மூடை மீது பந்தை எறிந்தால், மூடை ஆடும். பந்து வேகம் குறைந்து திரும்பும். அவ்வாறே ஒளியின் சக்திச் சிறுபொதியான போட்டன், மூலக்கூறை அதிரச் செய்து தன் சக்தியில் ஒரு பங்கை இழக்கலாம். அப்போது,

சக்தி குறையும் → மீடிறன் குறையும் → அலைநீளம் கூடும்.

ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிலிருந்து போட்டன் சக்தியைப் பெறவும் கூடும். அப்போது அலைநீளம் குறையும். இவ்வாறு அலைநீளம் மாறுவதே இராமன் விளைவு. இது மிக அரிது. ஏறத்தாழ ஒரு கோடி போட்டன்களில் ஒன்றுக்கே நிகழும்.

3. கண்டுபிடிப்பு

திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி. வி. இராமன், 1921இல் கப்பற் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, அது வானத்தின் தெறிப்பு மட்டுமா என ஆராய்ந்தார். மேற்பரப்புத் தெறிப்பை நீக்கிப் பார்த்தபோதும் நீலம் மறையவில்லை. (நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதும் இந்நீலத்திற்கு முக்கிய காரணம் என இன்று அறிவோம்.) இதனால் திரவங்களில் ஒளி சிதறுவதை அவர் தொடர்ந்து ஆராய்ந்தார்.

கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனுடன் நடத்திய பரிசோதனையில், நீல ஊதா ஒளியை மட்டும் வடிகட்டித் திரவத்தினூடு செலுத்தினார். சிதறிய ஒளியை, நீல ஊதாவைத் தடுக்கும் வேறொரு வடிகட்டியினூடு நோக்கினார். இருளே தெரிந்திருக்க வேண்டும்; ஆனால் மங்கிய ஒளி தெரிந்தது! புதிய அலைநீளம் உண்டாகியிருந்தது. 1928 பெப்ரவரி 28ஆம் திகதி இவ்விளைவு உறுதியானது. 1930இல் இராமனுக்கு பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

4. மாதிரி வினா

435.8 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஒளி பென்சீனில் பட்டபோது, சிதறிய ஒளியில் 455.5 நானோமீற்றர் கோடொன்றும் காணப்பட்டது. போட்டன் சக்தியைப் பெற்றதா, இழந்ததா?

விடை: அலைநீளம் கூடியுள்ளதால் இழந்துள்ளது. இழந்த சக்தி பென்சீன் மூலக்கூறின் அதிர்வுச் சக்தியாகியது.

பயன்: இம்மாற்றத்தின் அளவு பதார்த்தத்திற்குப் பதார்த்தம் வேறுபடும். எனவே இரத்தினக்கற்களைச் சேதப்படுத்தாமலே இனங்காண முடிகிறது.

நினைவிற் கொள்க: வானத்தின் நீலம், இருந்த நிறங்களில் ஒன்று அதிகமாகச் சிதறியதால் தெரிவது. இராமன் விளைவில் ஒளியின் அலைநீளமே மாறுகிறது.