குட்டை அரசும் கனத்த மனசும்

எங்கள் மாடியில் ஒரு மண்சட்டி இருக்கிறது. அதில் ஒரு சாண் உயரத்தில் ஓர் அரசு. பழைய வீட்டுக் கைப்பிடிச் சுவர் வெடிப்பில் முளைத்ததை வேர் அறாமல் எடுத்து வைத்தது. பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, "மரத்தைக் குறுக்கி வச்சா குடும்பமும் குறுகிப் போயிரும்யா, வெளிய கொண்டு நட்டுரு" என்றார். போன்சாய் வாங்கி வைத்தால் மனக்கவலையே ஓடிப்போகும் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். பாவம், அந்த மரம் இரண்டுக்கும் பொறுப்பல்ல.

ஆச்சியின் பயத்தை முதலில் பார்ப்போம். போன்சாய் என்றால் தட்டில் நட்டது என்றுதான் பொருள். அது தனி ஜாதியும் அல்ல, பட்டினி போட்டு வளர்ப்பதும் அல்ல. பருவம் பார்த்துக் கிளையையும் வேரையும் வெட்டுவதால் சிறிதாக நிற்கிறது. தரையில் இறக்கினால் ஓங்கிவிடும். ஜப்பானில் யமாகி குடும்பம் வளர்த்த பைன் ஒன்று 1625 முதல் சட்டியில் இருக்கிறது. 1945-இல் ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டுக்கும் தப்பியது. 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போய், இன்றும் வாஷிங்டனில் பச்சையாக நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த மரத்தைக் குடும்பத்துக்கு ஆகாதது என்று எப்படிச் சொல்வது?

பார்த்தாலே மனம் தேறும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2017-இல் ஜப்பானில், தண்டுவடம் அடிபட்ட 24 ஆண்களை ஒரு நிமிடம் போன்சாயைப் பார்க்க வைத்தார்கள். உடலின் படபடப்பு தணிந்தது தெரிந்தது. ஆனால் அது ஒரு நிமிடக் கணக்கு. அதை வைத்து மனச்சோர்வு தீரும் என்று சொல்ல முடியாது.

கை வேலையில்தான் விஷயம் இருக்கிறது. தோட்ட வேலை பற்றிய 22 ஆய்வுகளை அதே ஆண்டில் சேர்த்துப் பார்த்தபோது, அதில் ஈடுபட்டவர்களிடம் சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. என் அனுபவமும் அதுதான். காலையில் விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்ப்பேன்; ஈரம் இருந்தால் தண்ணீர் கிடையாது. நம்ம ஊர்ப் பக்கத்துக் கரிசலை அப்படியே சட்டியில் போட்டு ஒரு கன்றை அழுக விட்டிருக்கிறேன். தண்ணீர் வடியவே வடியாது. இப்போது உடைத்த செங்கல், மணல், மக்கிய எரு. கிளையில் சுற்றிய கம்பியை வாரம் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். மறந்தால் பட்டைக்குள் அழுந்தித் தழும்பாகிவிடும். அந்தப் பத்து நிமிடமும் மனசு பழைய கணக்குகளைப் புரட்டாது.

மரம் வளர்த்தால் மாத்திரை வேண்டாம் என்பதைத்தான் நான் பயந்து கேட்கிறேன். கோமதி அம்மன் சன்னதி முன்னால் சக்கரத்தில் உட்கார்ந்தால் மனப்பிணி தீரும் என்று எத்தனையோ ஊர்க்காரர்கள் சங்கரன்கோவிலுக்கு வருகிறார்கள். அங்கே கிடைக்கும் ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கும்பிட்டுவிட்டு மருத்துவரையும் பாருங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் தள்ளிப்போட வேண்டாம். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும்.

சோர்ந்து கிடக்கிறவரிடம் செடியைக் கொடுத்து, அது வாடினால் அவரையே குறை சொல்வது கொடுமை. எழுந்திருக்கவே முடியாத நாட்களில் வேறொருவர் தண்ணீர் ஊற்றட்டும். போன சித்திரையில் எனக்கு அப்படிப் பத்து நாள் போயிற்று. தினமும் மாடியேறி அந்த அரசுக்கு ஒரு செம்பு ஊற்றியது ஆச்சிதான்.