செங்கோட்டையும் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவும்



நம் தென்காசிக்கு அடுத்த செங்கோட்டை, 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரையில் மலைக்கு மேற்கேயுள்ள இராச்சியத்தோடுதான் சேர்ந்திருந்தது. மலைக்கு இப்பாலுள்ள ஊர் அப்பாலுள்ள அரசருக்குச் சொந்தமானது எப்படி? கொட்டாரக்கரையிலிருந்து ஆண்ட இளையிடத்து ஸ்வரூபம் என்னும் சிற்றரசுக்கு உட்பட்டிருந்தது செங்கோட்டை. அந்தச் சிற்றரசைத் தம் நாட்டோடு சேர்த்துக்கொண்டவர் மார்த்தாண்ட வர்மா.

1729-ல் அவர் பட்டத்துக்கு வந்தபோது வேணாடு ஒரு சிறு நாடு. அதிலும் எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் அதிகாரமே ஓங்கியிருந்தது. அவர்களை இரக்கமின்றி அடக்கினார். பின்பு கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை என வடக்கே ஒவ்வொன்றாய்ப் பிடித்தார். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரரையும் முறியடித்தார். 1750-ல் இராச்சியம் முழுவதையும் பத்மநாப சுவாமிக்குத் தானம் செய்து, தாம் அவருக்குத் தாசனாகவே ஆளுவதாகப் பிரகடனம் செய்தார். பக்தி மட்டுமல்ல, மிகுந்த ராஜதந்திரமும் அதில் உண்டு என்பது என் எண்ணம்: நேற்றுப் பிடிபட்ட நாட்டான் அரசனை எதிர்த்தால், இனி அவன் தெய்வத்தையல்லவா எதிர்த்தவனாவான்!

குளச்சலில் பிடிபட்டவர்களுள் டிலனாய் என்னும் கத்தோலிக்கரும் ஒருவர். அரசர் அவரைக் கொண்டே தம் படையைப் பழக்கினார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். அந்நியரான அவர் தம் வேதத்தை அனுசரிக்க யாதொரு தடையுமில்லை. கோட்டைக்குள்ளேயே அவருக்குக் கோவிலும் இருந்தது. ஆனால் நட்டாலம் ஊர் நீலகண்ட பிள்ளை அரண்மனை உத்தியோகஸ்தர். டிலனாயின் வாயால் சேசுநாதரை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு 1749-ல் விலங்கு. மூன்று ஆண்டுகள் சித்திரவதை. 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் துப்பாக்கிக் குண்டு.

ஒரே அரசர், ஒரே வேதம், தீர்ப்பு மாத்திரம் இரண்டு! சேனாபதி எந்தத் தேவனை வணங்கினாலும் பீரங்கி சுடும். ஆனால் உயர்குலத்து அதிகாரி ஒருவர், எல்லாச் சாதியாரும் சமமென்று சொல்லி ஏழைகளோடு பந்தியமர்ந்தால், புதிதாய்க் கட்டிய இராச்சியத்தின் அஸ்திவாரமே ஆடுமென்று அரண்மனையார் பயந்தார்கள்.

மகாராஜா 1758-ல் காலமானார். அவர் சேர்த்த நாடு 1949-ல் கொச்சியோடு இணைந்தது. தேவசகாயம் பிள்ளையைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2022 மே 15-ல் புனிதராகப் பிரகடனம் செய்தார். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அக்கோவிலிலேயே அவருடைய கல்லறையைச் சந்திக்கலாம். தக்கலை வழியாய் மேற்கே சென்றால் உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. அதன் மேலுள்ள எழுத்துக்கள் இலத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டவை. பிள்ளைகள் தமிழை வாசித்துப் பார்க்கட்டும்.